சேர்ந்து வாழ்கிறார்களா?

சித்தார்த்தனுக்குத் திருச்சியில் பாதிப் பேர் வீட்டுப் படுக்கையறை அத்துபடி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனிதன் ஏசி மெக்கானிக். மன்னார்புரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை. கட்டிலின் மேல் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் ஏறி நின்று, சுவரில் தொங்குகிற பெட்டியின் மூடியைக் கழற்றுவான். குனிந்து பார்த்தால் இரண்டு தலையணை தெரியும். ஒன்றின் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி, இன்னொன்றின் பக்கத்தில் தைலக் குப்பி. தலையணைகளின் இடைவெளியை வைத்தே அது சண்டைக்கார வீடா சமாதான வீடா என்று சொல்லிவிடலாம் என்று கடையில் தமாஷ் பண்ணுவான். போன ஆவணியிலிருந்து அந்தத் தமாஷை அவன் நிறுத்திவிட்டான்.

வயது நாற்பத்து மூன்று. அதில் பதின்மூன்று வருடம் சிங்கப்பூரில் போனது. அப்பா பீமராவ் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கவாதம் என்று போன் வந்ததும் ஒரே பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்துவிட்டு அவர் போய்விட்டார். அம்மா மாரியாயி அதற்குப் பிறகுதான் பெண் பார்க்கவே கிளம்பினாள். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி பையனுக்கு என்ன வயது என்பதுதான். பதிலைக் கேட்டதும் காப்பி வருவது நின்றுபோகும். நாலைந்து வீட்டில் இப்படி ஆன பிறகு அவளும் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவின் வருடத் திவசம் முடிந்த வாரம்தான் அவன் வாயைத் திறந்தான். சிங்கப்பூரில் லான் என்று ஒருத்தி இருக்கிறாள், வியட்நாம்காரி, உணவு அங்காடியில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை பார்க்கிறாள், குளிர்பெட்டி ரிப்பேருக்குப் போனபோது பழக்கம், ஆறு வருடமாகிறது என்றான். இருவருக்கும் பொதுவான மொழி இங்கிலீஷ். அந்த இங்கிலீஷை ஓர் இங்கிலாந்துக்காரன் கேட்டால் உட்கார்ந்து அழுதுவிடுவான், ஆனால் இவர்களுக்கு அது போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது.

 மூன்றாம் நாள் காலையில் மாரியாயி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு சோறு திங்குமா?”

“அவங்க ஊர்லயும் சோறுதாம்மா.”

“அப்ப வரச் சொல்லு.”

லான் மே மாதக் கடைசியில் சுற்றுலா விசாவில் வந்து இறங்கினாள். தொண்ணூறு நாள் தங்கலாம். அவளுக்கும் முப்பத்தெட்டு ஆகியிருந்தது. திருச்சி வெயிலைப் பார்த்து முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி வைத்தார்கள், இந்தத் திருமணத்தில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபிக்கிற அளவுக்கு அவன்மேல் யாருக்கும் அக்கறை இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனி மாதம் பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டு, அலுவலக வாசலிலேயே தாலி கட்டி, ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டார்கள்.

அடுத்தது விசா. மன்னார்புரத்தில் அற்புதசாமி என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். பாஸ்போர்ட், பட்டா, ரயில் டிக்கெட், எது என்றாலும் ஊர் அவரிடம்தான் போகும். வெளிநாட்டு மனைவி கேஸ் அவருக்கே புதிது. இரண்டு நாள் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, லான் ஊருக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து திருமணச் சான்றிதழை வைத்து மனைவி என்கிற வகையில் விசா கேட்பது. மூன்று மாதமோ நாலு மாதமோ ஆகும், ஆனால் நேர் வழி. இரண்டாவது, இங்கே இருந்தபடியே சுற்றுலா விசாவை மனைவி விசாவாக மாற்றக் கேட்பது. அதில் ஒரு சங்கடம், போலீஸ் வீட்டுக்கு வந்து பார்த்து இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டும்.

தன்னைக் கேட்டால் முதல் வழிதான் என்று அற்புதசாமி சொன்னார். சித்தார்த்தன் சிரித்தான்.

“சேர்ந்து வாழத்தானே சார் கல்யாணமே பண்ணியிருக்கேன். இங்கேயே போடுங்க.”

நாற்பத்து மூன்று வயதில் கிடைத்த மனைவியை மூன்று மாதம் அனுப்பிவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். பிரியக் கூடாது என்பதற்காகவே அவன் அந்த வழியைப் பிடித்தான். பாஸ்போர்ட், சான்றிதழ், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் ஏற்றி, ஆனி மூன்றாம் வாரத்தில் மனு போய்விட்டது.

பிறகு ஆடி வந்தது.

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் கரு உண்டானால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும் என்று ஒரு பயம். பீமராவ் உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவர் ராகுகாலத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்த ஆசாமி. மாரியாயி ஆனால் ஒரே பிடியாக நின்றாள். மருமகள் எந்த ஊர்க்காரியாக இருந்தால் என்ன, மருமகள் மருமகள்தான். பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

தாய்வீடு வியட்நாமில் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று சித்தார்த்தன் மடக்கினான். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். அவளுடைய சித்தி மகள் பொன்னுத்தாய் திருவெள்ளறையில் இருக்கிறாள். மூன்றும் ஆண் பிள்ளை, பெண் இல்லாத குறை. அந்த வீட்டையே தாய்வீடாக வைத்துக்கொள்ளலாம் என்று போனிலேயே ஏற்பாடு நடந்துவிட்டது. ஆடி பிறப்பதற்கு முதல் நாள் பொன்னுத்தாய் தட்டு நிறைய பழமும் பூவும் ஒரு புதுப் புடவையுமாகப் பெண் வீட்டார் தோரணையில் வந்து இறங்கினாள்.

லானிடம் அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவள் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். ஒரு மாதம் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் ஊரிலும் ஆகாத மாதம் என்று ஒன்று உண்டு, அந்த மாதத்தில் பேய்களுக்குச் சோறு வைப்பார்கள், கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்றாள். புடவையைச் சுற்றிக்கொண்டு பொன்னுத்தாயோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஆடி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவனிடம் மாரியாயி, போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன், டீ குடித்தார் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவனும் அப்பாடா என்று இருந்துவிட்டான். ஆடிப் பெருக்கன்று இரு வீட்டாரும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் கூடினார்கள். லானுக்குத் தாலிக் கயிறு மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் அவள் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. திருவெள்ளறையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகவே பஸ் ஏறி வரத் தெரியும் என்று பெருமையடித்தாள். இன்னும் பதினான்கு நாள் என்று விரலை விட்டு எண்ணினான். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதல் கிழவர்கள் என்று பொன்னுத்தாய் கேலி செய்தாள்.

பதில் வந்தது ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது விசாரணையில் உறுதிப்படவில்லை, ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது, விசா முடிவதற்குள் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அற்புதசாமி திரையில் வந்ததை இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது, ஆனாலும் அவர் சொல்லவில்லை.

மறுநாளே சித்தார்த்தன் சென்னைக்கு ஓடினான். விசா அலுவலக அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஆடி கதையைக் கேட்டுத் தலையையும் ஆட்டினார். ஆனால் முடிந்த மனுவைத் திறக்க வழி இல்லை, மனைவி ஊருக்குப் போய் அங்கிருந்து புதிதாகக் கேட்கட்டும், நடந்ததை விளக்கி ஒரு கடிதம் வையுங்கள் என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைப் பஸ்ஸில் வரும்போது அவன் வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆவணி முதல் தேதி பொன்னுத்தாய் பெண்ணைக் கொண்டுவந்து விட்டாள். நாலாம் நாள் லான் விமானம் ஏறினாள். கல்யாணமாகி ஐம்பத்தேழு நாள். அதில் ஒரே கூரையின் கீழ் இருந்தது இருபத்தாறு. விமான நிலையத்தில் அவள் அழவில்லை. மாரியாயி உள்ளே வராமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். லான் போய் அவள் கையைப் பிடித்து என்னவோ சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, அவள் பாஷையில் சொன்னாள், எனக்கென்ன புரியும் என்று மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் இருந்த இருப்பை இருப்பு என்று சொல்லக்கூடாது. காலையில் ஆறரைக்கு அவளோடு போன். வியட்நாமில் அப்போது எட்டு மணி, அவள் தம்பியின் கடையைத் திறக்கும் நேரம். பத்து நிமிடம்தான் கிடைக்கும். சாப்பாடு, மழை, பேப்பர் எங்கே இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். திருமணச் சான்றிதழ் முத்திரை வாங்கச் சென்னை போனது, டெல்லி போனது, திரும்பி வந்து மொழிபெயர்ப்புக்கு மறுபடி போனது. ஒரு காகிதம் இத்தனை ஊர் பார்க்கிறது, அதில் பெயர் உள்ள இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள். பகலெல்லாம் யார் யார் வீட்டுக் கட்டிலிலோ ஏறி நிற்பான். சாயங்காலம் தன் வீட்டுக் கட்டிலில் ஒரு தலையணையை அலமாரியில் எடுத்து வைத்துவிடலாமா என்று பார்ப்பான், வைக்கமாட்டான். அம்மாவிடம் சொல்லி அழலாமென்றால் நாற்பத்து மூன்று வயதுக்கு அது நன்றாக இல்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று லீவு கேட்டான். முதலாளி தந்தும்விட்டார். ஆனால் மாரியாயிக்கு முட்டி வீங்கி அடுப்படிக்கே நடக்க முடியாமல் போனது, பயணத்தைக் கைவிட்டான்.

தை மாதம் பொங்கல் கழிந்து, எல்லாக் காகிதமும் கைக்கு வந்தது. புது மனுவில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் மறுக்கப்பட்டதுண்டா, உண்டென்றால் ஏன். விசாரணை நடந்த தேதியையாவது தெரிந்துகொண்டு வாருங்கள், விளக்கக் கடிதத்தில் போடலாம் என்று அற்புதசாமி அனுப்பினார். விசாரிக்க வந்தவர் இளவரசன் என்கிற ஏட்டு. சித்தார்த்தன் போனபோது அவர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். பெயரைச் சொன்னதுமே ஞாபகம் வந்துவிட்டது.

“எந்தத் தேதி தம்பி? ரெண்டு நாள் வந்தேனே.”

ஒரு நாள்தானே என்றான் சித்தார்த்தன்.

“ரெண்டு நாள். மொத நாள் உங்க அம்மா மட்டும் இருந்தாங்க. ஆடி, பிரிச்சு வெச்சிருக்கோம்னாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, ஆடி தெரியாதா? ஆனா ஃபார்ம்ல ஆடிக்கு ஒரு கட்டம் கிடையாது. சேர்ந்து வாழறாங்களா, ஆமா, இல்லை, அவ்வளவுதான். ஆளைக் கண்ணால பாக்காம ஆமான்னு எழுத முடியாது. நாளைக்குப் பத்து மணிக்கு வரேன், அரை மணி நேரம் அந்தப் பொண்ணைக் கூட்டிவந்து வீட்டுல உக்கார வெச்சிடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன். மறுநாள் வந்தேன். பொண்ணு இல்லை. பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன் தம்பி.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. மோர் கொடுத்தாங்க.”

அவன் எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. மாரியாயி முற்றத்தில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் ரெண்டாம் நாளும் வந்தாரா என்று நின்றபடியே கேட்டான். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். இந்தக் கேள்விக்காகவே ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தவள்போல் நேராகவே பதில் சொன்னாள்.

அவளுக்குக் கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஆடிக்கு அழைக்க வந்த அவளுடைய அப்பாவைப் பீமராவ் கேலி செய்து திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த சித்திரையில் பொன்மலை குவார்ட்டர்ஸில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வருடம் அக்கினி வெயில் கொளுத்தியது. குழந்தை இருபத்திரண்டு நாள் இருந்தது. அதன்பிறகு பீமராவ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவளையும் பேச விடவில்லை. தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது சித்தார்த்தனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“அரை மணி நேரம்னாரு. அரை மணி நேரம்னு வந்த பொண்ணை நீ திருப்பி அனுப்பியிருப்பியா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா கூட்டிக்கிட்டு வந்திருப்ப. ஒரு கையெழுத்துக்குக் கவர்மெண்ட்டுல இப்படிப் பண்ணுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம். அவன் கத்தவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள். தட்டில் சோறு இருக்கும், சாப்பிடுவான், கழுவி வைப்பான். மாரியாயி அவன் காதில் விழட்டும் என்று சிலிண்டர் போடுகிறவரிடம் உரக்கப் பேசினாள், முட்டி வலியைப் பற்றி டிவியிடம் சொன்னாள். அவன் காது கேட்காதவன்போல் இருந்தான். மனைவி இல்லாத வீட்டில் அம்மாவாவது இருந்தாள், இப்போது அதுவும் இல்லை. அதைத் தானே செய்துகொண்டோம் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. லானிடமும் அவன் இதைச் சொல்லவில்லை. மாமியார்தான் தன்னை நாட்டை விட்டு அனுப்பினாள் என்று தெரிந்தால் எந்தப் பெண் திரும்பி அந்த வீட்டுக்கு வருவாள்?

ஆனால் மனு அவனை விடவில்லை. ஊர் வழக்கப்படி தற்காலிகமாகப் பிரிந்திருந்தோம் என்று ஒரு வரி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அற்புதசாமி கையைப் பிசைந்தார். விசாரணை அறிக்கையில் இரண்டு தேதி இருக்குமே தம்பி, முதல் தேதிக்கு ஆடி சரி, கூப்பிட்டும் வரவில்லை என்கிற இரண்டாம் தேதிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். மறுபடி ஒருமுறை மறுத்தால் அப்புறம் வருஷக் கணக்காகிவிடும். நடந்ததை நடந்தபடி, செய்தவரே கையெழுத்துப் போட்டுச் சொன்னால்தான் நிற்கும்.

இங்கிலீஷில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகக் கடிதம் தயாரானது. தமிழ்ப் பிரதியைச் சித்தார்த்தன் அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுப் பேனாவையும் வைத்தான். அவள் ஐந்தாவது படித்தவள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். ‘போலீஸ்காரர் மறுநாள் வருவதாகச் சொன்னதை நான் என் மகனுக்கும் மருமகளுக்கும் தெரிவிக்காமல் மறைத்தேன்’ என்ற வரியில் விரல் நின்றது. இது அந்தப் பொண்ணு கைக்கும் போகுமா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். மனுவோடு அதை வைத்துக் கொடுக்கப் போகிறவளே லான்தான். அப்படியானால் போடமாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கையெழுத்து இல்லாமல் மனு இல்லை. மனு இல்லாமல் லான் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தார்த்தன் ஒரு முடிவுக்கு வந்தான். எப்படியும் அவள் படிக்கத்தான் போகிறாள், தன் வாயாலேயே சொல்லிவிடுவது. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே எதிரில் உட்கார்ந்து வீடியோ காலில் லானைக் கூப்பிட்டான். மாரியாயி எழுந்து போகப் பார்த்தாள், முட்டி விடவில்லை.

அவன் கடிதத்தை ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னான். மறைத்தேன் என்ற வரியை இரண்டு முறை சொன்னான். லான் கடையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரியும் என்றாள் லான்.

அவள் இங்கிலீஷில் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஏட்டு முதல் முறை வந்துபோன அன்று சாயங்காலமே மாரியாயி திருவெள்ளறைக்குப் போன் செய்திருக்கிறாள். போலீஸ் வந்தாலும் சரி, சித்தார்த்தனே வந்து கூப்பிட்டாலும் சரி, நாளைக்கு மட்டும் பெண்ணை அனுப்பாதே என்று பொன்னுத்தாயிடம் அழுதிருக்கிறாள். பொன்னுத்தாய்க்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கையைக் காலைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுவதுபோலவும் புதைப்பதுபோலவும் செய்துகாட்டி, மருமகளுக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் லான் பஸ் ஏறக் கிளம்பி ரோடு வரைக்கும் வந்துவிட்டாள். அவளுக்கு விசாவின் அருமை தெரியாதா, பிழைப்பே விசாவில் நடந்தவள். பஸ்ஸும் வந்தது. அவள் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சித்தார்த்தன் கேட்டான். கேட்கும்போது கோபமாகத்தான் கேட்டான்.  நீ இப்போது அம்மாவோடு பேசுவதில்லை, இல்லையா என்றாள் லான். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அதற்காகத்தான் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள், அதை அம்மாவிடம் அப்படியே சொல் என்றாள்.

பன்னிரண்டு நாளாக மூடியிருந்த வாயைத் திறந்து அவன் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு அவனுடையதாக இல்லை.

“அம்மா, அவளுக்கு அன்னைக்கே தெரியுமாம். செத்த புள்ளைக்காக அழுற அம்மாவை மீறி வந்திருந்தா நான் இங்க இருந்திருப்பேன், ஆனா அப்புறம் இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் எப்படி இருந்திருப்பீங்கன்னு கேக்கிறா. விசா இன்னொரு தடவை கேட்டுக்கலாம்னு நினைச்சாளாம். மறைச்சேன்ங்கற அந்த வரியை எடுத்துடச் சொல்றா. போலீஸ் வரது தெரிஞ்சும் நான்தான் வரலைன்னு அவ பேர்ல எழுதிக்கச் சொல்றா.”

மாரியாயி கையில் பாதி நறுக்கிய கத்திரிக்காய் அப்படியே இருந்தது. வெகுநேரம் போனில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை எடுத்துவா என்றாள்.

வரி அப்படியே கிடக்கட்டும் என்றாள். தான் செய்ததற்குத் தான்தான் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் பெண் எதற்குப் போட வேண்டும் என்றாள். அரிவாள்மனைப் பலகையிலேயே காகிதத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மாரியாயி என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். லான் திரையிலிருந்து அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தார்த்தனுக்கு என்னவோ ஆகிவிட்டது. தன்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்றே இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். அவன் தனியாக இருந்துவிடக் கூடாது என்று ஒருத்தி நாட்டை விட்டே போயிருக்கிறாள், இது தெரியாமல் அவன் கூட இருந்த அம்மாவோடும் பேச்சை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அப்பா செத்தபோதுகூட இப்படி அழாதவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். போன் தரையில் மல்லாந்து விழுந்தது. அங்கிருந்து லான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மாரியாயி போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லை தாயி, அழுறான்,” என்றாள். “நீ வந்துரு.”